ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் காப்பீடு

ஒலிப்பதிவுக் கூடத்தைக் காப்பீடு செய்வது நடைமுறையில் மூன்று நான்கு பாலிசிகளை இடைவெளி விழாமல் பொருத்தும் வேலை. ஒரே பாலிசியில் எல்லாம் அடங்கிவிடும் என்று நினைத்துப் பணம் கட்டியவர்கள்தான் பெரும்பாலும் இழப்பீடு கிடைக்காமல் திரும்புகிறார்கள். கூடத்தில் இருக்கும் ஒரு கண்டென்சர் மைக் தீயில் கருகலாம், வெள்ளத்தில் மூழ்கலாம், பூட்டை உடைத்து வந்தவன் கையோடு போகலாம், பதிவுக்கு வந்த யாரோ ஒருவரின் பையில் சத்தமில்லாமல் வெளியேறலாம். ஸ்டாண்டிலிருந்து கீழே விழலாம், மின்னழுத்த ஏற்றத்தில் அதன் மின்சுற்று பழுதாகலாம், கச்சேரிக்குப் போகும் வழியில் வேன் கவிழ்ந்து நொறுங்கலாம். மைக் ஒன்றுதான், விலையும் ஒன்றுதான். ஆனால் இந்த ஏழு வழிகளையும் இந்தியக் காப்பீடு ஒரே தலைப்பில் பார்ப்பதில்லை. எது போனது என்பதற்கு முன்பாக எப்படிப் போனது என்றே நிறுவனம் கேட்கும். ஆகவே இந்த அத்தியாயமும் பொருள்வாரியாக அல்லாமல் இழப்பின் காரணவாரியாகச் செல்கிறது.

தீ, புயல், வெள்ளம்

அடித்தளமாக இருக்க வேண்டியது தீக் காப்பீடு. 2021 ஏப்ரல் 1 முதல் சிறு தொழில்களுக்கு இரண்டு தர வடிவப் பாலிசிகள் நடைமுறையில் உள்ளன. ஓர் இடத்தில் உள்ள சொத்துகளின் மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய் வரை இருந்தால் ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’. 5 கோடிக்கு மேல் 50 கோடி வரை என்றால் ‘பாரத் லகு உத்யம் சுரக்ஷா’. வடபழனியிலோ சாலிகிராமத்திலோ இரண்டு அறைகளில் இயங்கும் கூடம் ஏறக்குறைய எப்போதும் முதல் வகையில்தான் வரும். பெயர் தீக் காப்பீடானாலும் மின்னல், வெடிப்பு, நிலநடுக்கம், புயல், வெள்ளம், கலவரம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ உடைந்து பெருகுவது ஆகியவையும் இதில் உண்டு. இத்தகைய நிகழ்வு நடந்த 7 நாட்களுக்குள், அதையே வாய்ப்பாக்கி நடக்கும் திருட்டும் சேரும். வெள்ளத்தில் வீட்டை விட்டு வெளியேறிய நாட்களில் பொருட்கள் காணாமல் போவது சென்னைக்குப் பழக்கமானதுதான் என்பதால் இது சிறிய சலுகை அல்ல.

2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை பகுதிகளில் தரைத்தளங்கள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நகரின் பல பகுதிகளில் நாட்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. ஒலிப்பதிவுக் கூடங்களோ தரைத்தளத்தையும் அடித்தளத்தையும் விரும்பித் தேடுபவை. சத்தம் வெளியே போகாது, தெரு இரைச்சல் உள்ளே வராது, கனமான மிதவைத் தளம் போடலாம். ஒலிக்கு உகந்த அந்த இடம் தண்ணீருக்கும் உகந்தது. கூடம் அடித்தளத்தில் இருப்பதை விண்ணப்பப் படிவத்தில் தெளிவாக எழுத வேண்டும். அதற்காகப் பிரீமியம் சற்று ஏறினாலும் பரவாயில்லை. மறைத்தால், இழப்பு நேரும் நாளில் அந்த ஒரு வரியே மறுப்புக்குக் காரணமாகிவிடும்.

சுவரிலும் கூரையிலும் ஒட்டிய ஒலித்தடுப்புப் பொருட்களுக்கும் இதே விதி. பாலியூரித்தேன் ஃபோம் வேகமாகத் தீப்பற்றி நச்சுப் புகையைக் கக்கும். 2003-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஓர் இரவு விடுதியில் வாணவேடிக்கைப் பொறி பட்டு மேடையைச் சுற்றியிருந்த ஃபோம் எரிந்ததில் 100 பேர் இறந்தார்கள். ராக்வுல், கண்ணாடி இழை போன்ற எரியாத பொருட்களால் அமைத்த கூடத்தை நிறுவனமும் வேறு கண்ணோடு பார்க்கும். பாட்டுப் பதிவறை, மிதவைத் தளம், சுவர்ப் பேனல்கள் ஆகியவை கருவிகளின் பட்டியலில் சேராதவை. ‘உள் அலங்காரம், பொருத்துகள்’ என்ற தனித் தலைப்பில் அவற்றுக்குத் தொகை குறிக்க வேண்டும். வாடகைக் கட்டடமானால் கட்டட உரிமையாளரின் பாலிசி இவற்றைத் தொடாது; வாடகைதாரர் செலவழித்தது வாடகைதாரரின் பாலிசியில்தான் இருக்க வேண்டும்.

மின்சாரம் என்ற பெரிய ஓட்டை

தீக் காப்பீட்டில் ஒரு விலக்கு உண்டு. ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அதைவிடப் பெரிய ஓட்டை வேறில்லை. ஒரு மின்கருவி மிகை மின்னழுத்தத்தாலோ உட்சுற்றுக் குறுக்கீட்டாலோ தானாகச் சூடேறியோ கெட்டால் அந்தக் கருவிக்கு இழப்பீடு கிடையாது. மின்னலால் வந்த மின்பாய்ச்சலுக்கும் இது பொருந்தும் என்று விலக்கு வாசகமே சொல்கிறது. அந்தக் கருவியிலிருந்து தீ கிளம்பி மற்றவை எரிந்தால் மற்றவற்றுக்கு உண்டு. தீ கிளம்பிய கருவிக்கு இல்லை. மழைக்கால மாலையில் மின்சாரம் போய்த் திரும்பும் ஒரு நொடியில் ஆடியோ இன்டர்ஃபேஸ், பவர் ஆம்ப், மானிட்டர் ஸ்பீக்கர் மூன்றும் அணைந்துபோன கூடத்துக்குத் தீக் காப்பீட்டிலிருந்து ஒரு ரூபாயும் வராது.

இந்த ஓட்டையை அடைப்பது மின்னணுக் கருவிகள் காப்பீடு. தற்செயலாகக் கீழே விழுவது, காப்பி கொட்டுவது, இயக்குபவரின் கவனக்குறைவு, மின்னழுத்த ஏற்ற இறக்கம் என்று திடீரென நேரும் பருப்பொருள் சேதம் எதுவானாலும், விலக்கப்பட்டவை தவிர மற்றவற்றுக்கு இது பொறுப்பேற்கும். மூன்று பிரிவுகள் கொண்டது: கருவிகளுக்கு ஒன்று, தரவு ஏந்திகளுக்கு ஒன்று, மாற்றுக் கருவிகளை வாடகைக்கு எடுக்கும் கூடுதல் செலவுக்கு ஒன்று. முதல் பிரிவை மட்டும் எடுத்துவிட்டு முழுப் பாலிசியும் கையில் இருப்பதாக நம்புபவர்கள் அதிகம்.

நிபந்தனைகளும் உண்டு. சில கருவிகளுக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் நடப்பில் இருக்க வேண்டும் என்று பாலிசி கேட்கலாம். கணினிக்கு அத்தகைய ஒப்பந்தம் எளிதாகக் கிடைக்கும். ஒலிப்பதிவுக் கருவிகளுக்கு அப்படி ஒப்பந்தம் போடும் ஆள் கிடைப்பது அரிது. அந்த நிபந்தனை கணினிகளுக்கு மட்டுமா, எல்லாவற்றுக்குமா என்பதைப் பாலிசி வெளிவருவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது. யு.பி.எஸ்., சர்வோ ஸ்டெபிலைசர், ஒழுங்கான எர்த்திங் ஆகியவற்றை, இழப்பை மதிப்பிட வரும் சர்வேயர் கட்டாயம் பார்ப்பார். தேய்மானம், துருப்பிடித்தல், ஈரப்பதத்தால் மைக் டயஃப்ரம் மீது மெல்லப் படரும் பூஞ்சை ஆகியவை திடீர் சேதத்தில் சேராது. கடற்கரை நகரத்தில் இது உண்மையான இழப்பே. ஆனாலும் அதற்கான மருந்து சிலிக்கா ஜெல்லும் ஈரம் நீக்கும் கருவியும்தான், பாலிசி அல்ல.

திருட்டு

வீடு புகுந்து திருடுவதற்கு எதிரான காப்பீட்டில், வலுக்கட்டாயமாக உள்ளே நுழைந்ததற்கோ வெளியேறியதற்கோ தடயம் வேண்டும்: உடைந்த பூட்டு, நெம்பிய கதவு, அறுத்த கம்பி. பாலிசி வாசகம் வன்முறையான நுழைவைக் கேட்டால் அது இல்லாத திருட்டுக்கு இழப்பீடு கோர முடியாது என்று 2004-இல் யுனைடெட் இந்தியா நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது. ஒலிப்பதிவுக் கூடத்தின் வழக்கமான திருட்டோ வேறு மாதிரி. பகலில் பத்துப் பேர் வந்து போகிறார்கள். மாலையில் எண்ணிப் பார்த்தால் ஒரு மைக்கும் இரண்டு ஹெட்போனும் குறைகின்றன. பூட்டு அப்படியே இருக்கிறது. இதற்குச் சாதாரணத் திருட்டையும் சேர்க்கும் நீட்டிப்பு தனியாக வேண்டும். ஊழியரே எடுத்தால் அதுவும் அடங்காது. அதற்கு ஊழியர் நேர்மைக் காப்பீடு என்று வேறொன்று. சாவியைப் பயன்படுத்தித் திறந்தால், அந்தச் சாவி பலவந்தமாகப் பறிக்கப்பட்டதாக இருந்தாலன்றிப் பல பாலிசிகள் ஏற்பதில்லை. கூடத்துச் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதற்கு ஒரு பதிவேடு வைப்பது இதனால்தான் தேவைப்படுகிறது.

வெளியே போகும் கருவிகள்

இதுவரை சொன்ன பாலிசிகள் பெரும்பாலும் ஒரு முகவரியோடு கட்டப்பட்டவை. மார்கழி மாதத்தில் சபாவுக்குச் சபா போகும் வயலினும், படப்பிடிப்புத் தளத்துக்குப் போகும் கையடக்க ரெக்கார்டரும், திருநெல்வேலிக் கோவில் கொடைக்குப் போகும் கீபோர்டும் அந்த முகவரியைத் தாண்டிய கணத்தில் காப்பின்றி நிற்கும். இவற்றுக்கு ‘ஆல் ரிஸ்க்’ பாலிசி பொருத்தம். ஒவ்வொரு கருவியையும் பெயர், வரிசை எண், மதிப்போடு பட்டியலிட்டு, காப்பு இந்தியாவுக்குள்ளா உலகம் முழுவதுமா என்று குறிப்பிட வேண்டும்.

எல்லா ஆபத்தும் என்ற பெயரை நம்பிவிடக் கூடாது. தந்தி அறுவது, மிருதங்கத்தின் தோல் கிழிவது, மூட்டுத் தளர்வது, கீறல், பூச்சி அரிப்பு, தட்பவெப்பத்தால் வரும் மாற்றம் எல்லாம் பொதுவாக விலக்கில் இருக்கும். வெயிலில் நிறுத்திய கார் டிக்கியில் மெழுகு இளகி மெட்டுகள் நகர்ந்த வீணைக்கு இழப்பீடு கேட்க முடியாது. ஆளில்லாத வண்டியிலிருந்து திருடு போனாலும் இதே கதைதான். வண்டி பூட்டியிருந்தது, கருவி வெளியே தெரியாமல் இருந்தது என்று நிரூபித்தால் மட்டும் சில பாலிசிகள் ஏற்கும். சாலையோரக் கடையில் சாப்பிட இறங்கும் பத்து நிமிடம்தான் இங்கே பெரிய ஆபத்து.

முழு ஒலியமைப்பையும் லாரியில் அனுப்பும்போது உள்நாட்டுச் சரக்குப் போக்குவரத்துக் காப்பீடு தேவை. அதன் ‘பி’ வகை, வண்டி மோதுவது, கவிழ்வது, தீ போன்ற பெயர் சொல்லப்பட்ட ஆபத்துகளுக்கு மட்டும். ஏற்றி இறக்கும்போது உடைவதும் சேர வேண்டுமானால் ‘ஏ’ வகை. மிக்சர்கள் நெடுஞ்சாலையைவிடக் கூடத்து வாசற்படியில்தான் அதிகம் உடைகின்றன.

விமானப் பயணத்தில், ஒப்படைத்த பெட்டிக்கு நேரும் சேதத்துக்கு விமான நிறுவனத்தின் பொறுப்பு ஒரு வரம்புக்குள் அடங்கியது. பன்னாட்டுப் பயணங்களுக்கான மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி அது 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. ஒரு டாலரைவிட மதிப்புக் கூடியது. ஒரு நல்ல வயலினுக்கு இது போதாது. பெட்டியை ஒப்படைக்கும்போதே மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் செலுத்தினால் வரம்பு உயரும் என்ற வழியை அந்த உடன்படிக்கையே தருகிறது. சுங்கத்தில் பறிமுதல் ஆவது வேறு விஷயம். அதைப் பாலிசிகள் விலக்கிவிடும். ரோஸ்வுட் மர வகைகள் 2017 ஜனவரியில் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. 2019-இல் முழுமையாக்கப்பட்ட இசைக்கருவிகளுக்குத் தளர்வு கிடைத்தது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்தத் தளர்வு இல்லை. பழைய கிட்டார் ஒன்றோடு வெளிநாடு போகிறவர் மரம் எது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

வீட்டிலேயே கூடம்

இன்று பாட்டுகளில் கணிசமான பகுதி வீட்டுப் படுக்கையறைகளில்தான் உருவாகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஓர் அறையை மாற்றி மைக்கும் கணினியும் வைத்துக்கொண்டவர் வழக்கமாகச் சொல்லும் பதில், வீட்டுக்கு ஏற்கெனவே காப்பீடு இருக்கிறது என்பது. வீடுகளுக்கான தர வடிவப் பாலிசியான ‘பாரத் கிருஹ ரக்ஷா’ குடியிருப்பையும் வீட்டு உபயோகப் பொருட்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கட்டடத்தைக் காப்பீடு செய்தால் அதன் தொகையில் 20% அளவுக்கு, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, வீட்டுப் பொருட்களுக்குத் தானாகவே காப்பு வரும். மதிப்பைக் குறைத்துச் சொன்னதற்காக இழப்பீட்டை வெட்டும் விதியும் இதில் இல்லை. தாராளமான பாலிசிதான். ஆனால் பொழுதுபோக்குக்காக வாசிக்கும் கீபோர்டு வேறு, பில் போட்டுச் சம்பாதிக்கும் கீபோர்டு வேறு. வருமான வரிக் கணக்கில் ஒரு கருவிக்குத் தேய்மானம் காட்டிவிட்டு, இழப்பு நேர்ந்ததும் அதையே வீட்டுப் பொருள் என்று வாதிட முடியாது. சர்வேயர் கேட்கும் முதல் ஆவணம் வாங்கிய பில். அதில் வாங்கியவரின் ஜி.எஸ்.டி. எண் இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

இப்படிப்பட்டவர்கள் கட்டடத்தையும் குடும்பப் பொருட்களையும் வீட்டுப் பாலிசியில் வைத்துக்கொண்டு, தொழில் கருவிகளுக்கு அதே முகவரியில் தனி மின்னணுக் கருவிகள் பாலிசியும் திருட்டுக் காப்பும் எடுப்பதே சரி. ஓர் அறை தொழிலுக்குப் பயன்படுகிறது என்பதை இரண்டு படிவங்களிலும் எழுத வேண்டும். குடியிருப்போர் சங்கத்துக்குத் தெரிந்துவிடும் என்று தயங்கி இதை எழுதாமல் விடுவோர் உண்டு. அந்தத் தயக்கத்தின் விலை அதிகம்.

பட்டியலும் மதிப்பும்

காப்பீட்டுத் தொகையை எப்படிக் குறிப்பது என்பதில்தான் பெரும்பாலான கூடங்கள் தடுமாறுகின்றன. மின்னணுக் கருவிகள் பாலிசியில் எழுத வேண்டியது, அதே வகை, அதே திறன் கொண்ட புதிய கருவியை இன்று வாங்கி, கொண்டுவந்து, சுங்கம் கட்டி, பொருத்தி முடிக்க ஆகும் செலவு. எட்டு வருடத்துக்கு முன் வாங்கிய விலையை எழுதுவது தவறு. இணையத்தில் அகப்படும் பழைய பொருளின் விலையை எழுதுவது அதைவிடத் தவறு. இறக்குமதிக் கருவிகளின் ரூபாய் விலை டாலரோடு சேர்ந்து ஏறுவதால், தொகையை ஆண்டுக்கு ஒரு முறையாவது திருத்தாவிட்டால் கூடம் தானாகவே குறைக் காப்பீட்டில் விழுந்துவிடும்.

குறைக் காப்பீட்டின் விளைவை ஒரு கணக்கில் பார்க்கலாம். கூடத்தின் கருவிகளின் உண்மையான மதிப்பு 40 லட்சம். பாலிசியில் எழுதியது 24 லட்சம். மழைநீர் புகுந்து 5 லட்சத்துக்குச் சேதம். 24 லட்சம் வரை காப்பு இருக்கிறதே, 5 லட்சம் முழுதாக வரும் என்று உரிமையாளர் நினைப்பார். வராது. மதிப்பில் 60% மட்டுமே காப்பீடு செய்யப்பட்டதால் இழப்பிலும் 60%, அதாவது 3 லட்சம்தான். மீதி 40 விழுக்காட்டுக்கு உரிமையாளரே தனக்குத்தானே காப்பீட்டாளர் என்பது இந்த விதியின் தர்க்கம். சூக்ஷ்ம உத்யம் பாலிசியில் குறைவு 15 விழுக்காட்டுக்குள் இருந்தால் வெட்டு இல்லை. இந்த எடுத்துக்காட்டில் 34 லட்சம் எழுதியிருந்தால் தப்பித்திருக்கலாம். இதன்மேல் ஒவ்வொரு கிளெய்மிலும் உரிமையாளர் ஏற்க வேண்டிய பகுதி, அதாவது எக்ஸஸ், தனியாகக் கழியும்.

அடுத்தது தேய்மானம். மின்னணுக் கருவிகள் பாலிசியில் பகுதிச் சேதத்துக்கும் முழு இழப்புக்கும் கணக்கு வேறு. 6 லட்சம் மதிப்புள்ள மிக்சரில் ஒரு போர்டு கருகி, பழுது பார்க்க ஒரு லட்சம் ஆனால், உதிரிபாகத்துக்குத் தேய்மானம் கழிக்காமலே எக்ஸஸ் போக மீதி கிடைக்கும். ஆயுள் குறுகிய பாகங்கள் மட்டும் விதிவிலக்கு. அதே மிக்சர் முழுதாக அழிந்தால் அந்த நாளில் அதற்கிருந்த மதிப்பே கணக்கு. சர்வேயர் ஆண்டுக்கு 10% கழித்தால் ஆறு வயதான மிக்சருக்கு 2,40,000 ரூபாய்தான். பழுதுச் செலவு இந்த மதிப்பைத் தாண்டினாலும் முழு இழப்பாகவே கொள்ளப்படும். தீக் காப்பீட்டில் மாற்று மதிப்பு விதியை எடுத்தவர்களுக்குப் புதியதற்குரிய தொகை கிடைக்கும். ஆனால் உண்மையிலேயே புதிதாக வாங்கிப் பொருத்த வேண்டும். பொதுவாக 12 மாதங்களுக்குள்.

இந்தத் தேய்மானத் தர்க்கம் ஒரு வகைப் பொருட்களிடம் முற்றிலும் தோற்கிறது. நாய்மன் நிறுவனம் 1967-இல் வெளியிட்ட யு 87 மைக்கின் தொடக்க காலப் பிரதிகள், பழைய வால்வ் கம்ப்ரஸர்கள், நல்ல கைவினைஞர் செதுக்கிய தஞ்சாவூர் வீணை, வாசித்து வாசித்துப் பதம் வந்த நாகஸ்வரம் ஆகியவற்றுக்கு வயது ஏற ஏற மதிப்பும் ஏறுகிறது. இவற்றைப் பொதுப் பட்டியலில் போட்டால் சர்வேயர் பழைய பொருள் என்று பாதியாக்கிவிடுவார். நிறுவனமும் உரிமையாளரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பில் பாலிசி எழுதுவதுதான் வழி. அதற்கு மதிப்பீட்டுச் சான்று தேவை. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர் கிடைப்பது கடினம் என்பதால், கருவி செய்பவரின் கையொப்பமிட்ட கடிதம், புகைப்படங்கள், அண்மையில் நடந்த ஒப்பான விற்பனையின் சான்று ஆகியவற்றைத் தொகுத்துக் கொடுத்துப் பேச வேண்டும். பழைய வீணையிலும் தம்புராவிலும் யானைத் தந்த வேலைப்பாடு இருந்தால் சிக்கல் கூடும். வனவிலங்குச் சட்டத் திருத்தங்களால் இந்தியாவில் தந்த வணிகத்துக்கு இடமில்லை. சந்தை விலை என்று ஒன்றைக் காட்டவே முடியாது.

பட்டியலில் ஒவ்வொரு கருவிக்கும் தயாரிப்பாளர், மாடல், வரிசை எண், வாங்கிய தேதி, பில் எண், இன்றைய மாற்று விலை இருக்க வேண்டும். வரிசை எண் தெரியும்படி எடுத்த புகைப்படமும் வேண்டும். பட்டியலின் ஒரு பிரதி கூடத்துக்கு வெளியே இருப்பது முக்கியம். கூடத்துக் கணினியில் மட்டும் இருந்த பட்டியல் கணினியோடு போன நிகழ்வுகள் நிறையவே உண்டு. கேபிள், ஸ்டாண்ட், கனெக்டர், பேட்ச்பே ஆகியவற்றைத் தனித்தனியாக எழுத முடியாது. ஆனால் ஒரு நடுத்தரக் கூடத்தில் இவை மட்டுமே லட்சங்களைத் தொடும். மொத்தமாக ஒரு தொகை குறித்துவிட வேண்டும்.

ஜி.எஸ்.டி. பதிவுள்ள கூடம், கருவி வாங்கும்போது கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக எடுத்திருந்தால் காப்பீட்டு மதிப்பில் அந்த வரியைச் சேர்ப்பதா என்ற கேள்வி எழும். வரவு எடுத்தவருக்கு வரியை நீக்கிய விலையே இழப்பு என்பது நிறுவனங்களின் வழக்கமான நிலை. ஆனால் ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு, திருடு போன, அழிந்த பொருட்களுக்கான உள்ளீட்டு வரவைத் தடுக்கிறது. எடுத்த வரவைத் திருப்ப நேரலாம். கணக்காயரோடு பேசி, எந்த அடிப்படையில் தொகை எழுதப்பட்டது என்பதைப் பாலிசியிலேயே குறிக்கச் செய்தால் பின்னால் தகராறு இருக்காது.

அடுத்தவர் கருவிகள்

வாடகைக்கு எடுத்த கருவி, வாத்தியக் கலைஞர் மறுநாள் பதிவுக்காக விட்டுப்போன சாக்ஸஃபோன், பழுது பார்க்க வந்த ஆம்ப் ஆகியவை கூடத்தின் சொத்து அல்ல. ஆனாலும் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஒப்படைக்கப்பட்ட பொருளைத் தன் பொருளைப் போலவே கவனமாகப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வாங்கி வைத்தவருக்கு உண்டு. ‘பொறுப்பில் வைத்திருக்கும் பிறர் பொருட்கள்’ என்ற வாசகத்தைச் சேர்த்து அதற்கு ஒரு தொகையும் ஒதுக்கினால்தான் பாலிசி இவற்றுக்கு நீளும். வங்கிக் கடனில் வாங்கிய கருவிகளுக்கு வங்கியின் பெயரும் பாலிசியில் ஏறும். இழப்பீட்டுக் காசோலை முதலில் வங்கிக்குத்தான் போகும்.

பதிவுகளும் மென்பொருளும்

2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் வளாகத்தில் பற்றிய தீ, மூல ஒலிநாடாக்கள் இருந்த கிடங்கையும் எரித்தது. மூலப் பதிவு அழிந்தபின் பணம் எதைத் திருப்பித் தரும் என்ற கேள்விக்குக் காப்பீட்டில் நல்ல பதில் இல்லை. தீக் காப்பீடு, கையெழுத்துப் பிரதிகளையும் கணினிப் பதிவுகளையும் தனியே குறிப்பிட்டாலன்றி விலக்குகிறது. இசைக்குறிப்புத் தாள்களும் இதில் அடங்கும். மின்னணுக் கருவிகள் பாலிசியின் இரண்டாம் பிரிவு, அழிந்த ஹார்ட் டிஸ்க்கின் விலையையும் தரவை மீண்டும் ஏற்றும் செலவையும் தரும். பாடகரையும் இசைக்குழுவையும் மறுபடி கூட்டிப் பாட வைக்கும் செலவை அல்ல. ஆகவே காப்பு நகலே இங்கே முதன்மைக் காப்பீடு: மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகம், அவற்றில் ஒன்று வேறு கட்டடத்தில்.

மென்பொருள் உரிமங்களிலும் கவனம் வேண்டும். ஐலாக் போன்ற யு.எஸ்.பி. சாவியின் விலை சில ஆயிரம்தான். அதனுள் பதிந்திருக்கும் பிளக்-இன் உரிமங்களோ லட்சங்களில். பட்டியலில் சாவியை மட்டும் எழுதினால் இழப்பீடும் சாவிக்கு மட்டுமே. உரிமங்களைத் தனி வரிகளாக எழுத நிறுவனம் ஒப்புக்கொள்கிறதா என்று கேட்க வேண்டும். தொலைந்த சாவிக்கு மாற்று உரிமம் தருவதற்கு மென்பொருள் தயாரிப்பாளரிடம் உள்ள திட்டத்தையும் பார்த்து வைப்பது சிக்கனம்.

விண்ணப்பமும் பிரீமியமும்

காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவுப்படி பிரீமியம் செலுத்திய பிறகே நிறுவனம் பொறுப்பேற்க முடியும். காசோலை திரும்பிவிட்டால் காப்பும் இல்லை. புதுப்பிக்கும் தேதி டிசம்பர் மழைக்கு நடுவே விழும்படி இருந்தால் ஒரு வாரம் முன்னதாகவே கட்டிவிட வேண்டும். பிரீமியத்தைக் குறைக்க விரும்புபவர்கள் தொகையை வெட்டுவதைவிட எக்ஸஸைச் சற்று உயர்த்தி ஏற்பதே மேல். சின்னச் சேதங்களைக் கூடம் தாங்கும். கூடத்தைத் தரைமட்டமாக்கும் இழப்புக்குத்தான் பாலிசி.

இழப்பு நேர்ந்தால்

நனைந்த கருவியை இயங்குகிறதா என்று பார்க்கச் சுவிட்சைப் போடக் கூடாது. ஈரத்தோடு மின்சாரம் ஏறி மேலும் கெட்டால், அந்தக் கூடுதல் சேதம் வெள்ளத்தாலா அலட்சியத்தாலா என்ற விவாதம் தொடங்கிவிடும். இருந்தபடியே படம் எடுத்து, சேதம் பெருகாமல் உயரத்துக்கு மாற்றி, அன்றே நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் தெரிவிக்க வேண்டும். முகவருக்கு வாட்ஸ்அப் செய்தி அனுப்பியது அறிவிப்பாகாது. சர்வேயர் பார்க்கும்வரை உடைந்த பாகங்களைக் காயலான் கடைக்குப் போட்டுவிடக் கூடாது.

திருட்டென்றால் உடனே காவல் நிலையத்தில் புகார். தமிழ்நாட்டில் முதலில் கிடைப்பது பெரும்பாலும் புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது, நிறுவனம் கேட்பது எஃப்.ஐ.ஆர். சி.எஸ்.ஆருடன் திருப்தியடையாமல் எஃப்.ஐ.ஆர். பதியும்வரை தொடர வேண்டும். புகாரில் வரிசை எண்கள் எல்லாம் இருக்க வேண்டும். பூட்டு உடைந்த விவரம் விடுபட்டால் பின்னர் சேர்ப்பது பெரும்பாடு. பொருள் கிடைக்கவில்லை என்ற காவல்துறைச் சான்றும் கடைசியில் தேவைப்படும்.

சர்வேயரை 24 மணி நேரத்துக்குள் நியமிக்க வேண்டும், அவர் 15 நாட்களில் அறிக்கை தர வேண்டும், அறிக்கை கிடைத்து 7 நாட்களில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2024 சுற்றறிக்கைகள் காலக்கெடு வைத்துள்ளன. சர்வேயருக்கு ஒலிப்பதிவுக் கருவிகள் பரிச்சயமில்லாமல் இருக்கலாம். ப்ரீஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் வித்தியாசம் தெரியாதவரிடம் கோபப்படுவதில் பயனில்லை. தயாரிப்பாளரின் சர்வீஸ் மையத்திலிருந்து சேதத்தின் காரணத்தைச் சொல்லும் எழுத்துபூர்வமான அறிக்கையை வாங்கித் தருவதுதான் வேலையை நகர்த்தும். அந்த அறிக்கையில் ‘தேய்மானத்தால் பழுது’ என்று மெக்கானிக் போகிறபோக்கில் எழுதிவிட்டால் கிளெய்ம் அதோடு முடிந்தது.

மறுப்போ வெட்டோ நியாயமற்றதாகத் தெரிந்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, பதில் ஏற்கத்தக்கதாக இல்லையென்றாலோ காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னை அலுவலகம் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் உரியது. கட்டணம் இல்லை; ஓராண்டுக்குள் போக வேண்டும்; 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்கலாம். தனிநபர்களும், தனி உரிமையாளர் நடத்தும் தொழில்களும், குறுந்தொழில்களும் இதை நாடலாம். அதைத் தாண்டிய கூடங்களுக்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அங்கே இரண்டு ஆண்டு கெடு. வணிக நிறுவனம் எடுத்த தீக் காப்பீடு என்பதற்காக மட்டும் அது நுகர்வோர் இல்லை என்றாகிவிடாது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் கூறியதால் இந்த வழி இப்போது தெளிவாகவே திறந்திருக்கிறது.

இழப்பீடு வாங்கியதும் ஒரு வேலை மீதமிருக்கும். பல பாலிசிகளில் பெற்ற தொகை அளவுக்குக் காப்பீட்டுத் தொகை குறைந்துவிடும். 40 லட்சத்துக்கு எடுத்து 10 லட்சம் பெற்ற கூடத்துக்கு, ஆண்டின் மீதி மாதங்களில் 30 லட்சம்தான் காப்பு. எஞ்சிய நாட்களுக்கு விகிதப்படி பிரீமியம் கட்டித் தொகையைப் பழைய அளவுக்கு உயர்த்த வேண்டும். புதிதாக வந்த கருவிகளின் வரிசை எண்களைப் பழையவற்றின் இடத்தில் பதிந்து எண்டார்ஸ்மென்ட் வாங்கிவிட வேண்டும்.